மழை விடுமுறை: ஜன்னலில் நின்றபடி பிள்ளைகளுக்கு என்ன பறவை காட்டுவது?

முருங்கைமரத்து வீடு (மேடவாக்கம்) எழுதியது:

இன்றோடு மூன்று நாள் ஸ்கூல் லீவு. கலெக்டர் அறிவிப்பு வந்தபோது போட்ட ஆட்டமெல்லாம் முதல் நாள் மதியத்தோடு அடங்கிவிட்டது. பெரியவளுக்கு ஒன்பது வயது, சின்னவனுக்கு ஐந்து. கரண்ட் வருகிறது, போகிறது. போனில் சார்ஜைக் காப்பாற்றி வைப்பதே பெரும்பாடாக இருக்கிறது.

பறவைகளைப் பற்றி ஏதாவது சொல்லிக் கொடுக்கலாம் என்று இணையத்தில் தேடி ஒரு ஒர்க்‌ஷீட் எடுத்தேன். ராபின், ப்ளூ ஜே, கார்டினல் என்று வரிசையாகப் படம். பெரியவள் அதைக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னலில் அரைமணி நேரம் நின்றாள். "அம்மா, இதுல ஒண்ணுகூட நம்ம தெருவுல இல்லியே" என்றாள். சின்னவன் ஈபி கம்பியில் இருந்த காக்காவைக் காட்டி, "அது ஏன் இதுல இல்ல?" என்று கேட்டான். நியாயம்தானே.

எங்களுடையது முதல் மாடி. சமையலறை ஜன்னலில் நின்றால் பக்கத்து வீட்டு முருங்கை, பின்னால் இரண்டு தென்னை, ஈபி கம்பி, எதிர்வீட்டு மொட்டைமாடி, அதன்மேல் சிண்டெக்ஸ் டேங்க். இவ்வளவுதான் தெரியும். தெருவில் முழங்கால் அளவு தண்ணீர், வெளியே கூட்டிப்போக வழியில்லை. காகம், புறா, மைனா தவிர எனக்கும் ஒன்றும் தெரியாது. பைனாகுலர் கிடையாது. இதை வைத்துக்கொண்டு உருப்படியாக ஏதாவது செய்ய முடியுமா?

கணக்கு டீச்சர் (ஓய்வு) எழுதியது:

அந்த ஒர்க்‌ஷீட்டைத் திருப்பிப் போடுங்கள். பின்பக்கம் வெள்ளையாக இருக்கும், அதுதான் நமக்கு வேண்டியது. மூன்று கட்டம் போடுங்கள். என்ன பறவை, ஒரே பார்வையில் அதிகபட்சம் எத்தனை, எங்கே உட்கார்ந்திருந்தது.

இரண்டாவது கட்டத்தில்தான் சண்டை வரும். ஒரு வருஷம் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளைப் பள்ளி வேப்பமரத்தடியில் நிறுத்தி எண்ணச் சொன்னேன். ஒரு பையன் "காகம் 40" என்று எழுதிக்கொண்டு வந்தான். நான் பார்த்தவரை நாலே காகம்தான். சத்துணவுக்கூட வாசலுக்கும் மரத்துக்குமாக அவை பத்துத் தடவை போய்வந்தன. "வந்ததையெல்லாம் கூட்டினேன் டீச்சர்" என்றான். கூட்டல் சரி, காகம் தப்பு. முதலில் நாலு பார்த்தீர்கள், அப்புறம் மூன்று, அப்புறம் ஐந்து என்றால் விடை ஐந்து. பன்னிரண்டு அல்ல.

கடிகாரம் பார்த்து 15 நிமிஷம். 2015 முதல் இங்கே நடந்துவரும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பிலும் இதே 15 நிமிஷம்தான். பிப்ரவரியில் நாலு நாள் உலகம் முழுக்க எண்ணுகிறார்களே, அதிலும் அப்படித்தான். உங்கள் பெரியவள் இப்போது பழகிக்கொண்டால் ஜனவரியில் அவளே பட்டியல் அனுப்பலாம். சின்னவனுக்கு ஐந்து நிமிஷத்துக்கு மேல் கொடுக்காதீர்கள். அவன் காகத்தை மட்டும் பார்த்தால் போதும். கழுத்து சாம்பல் நிறமாக இருந்தால் வீட்டுக் காகம். உடம்பெல்லாம் கறுப்பு, அலகும் தடிப்பு என்றால் அண்டங்காக்கை. இது பிடிபட்டுவிட்டால் அவனுக்குத் தலைகால் புரியாது.

மூன்றாவது கட்டத்தை யாரும் மதிப்பதில்லை. மழைக்காலத்தில் அதுதான் முக்கியம். மழை கொட்டும்போது பறவையெல்லாம் எங்கே போகிறது என்று பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். முழிப்பார்கள்.

மொட்டைமாடி 71 எழுதியது:

டீச்சர் சொல்வது சரி, ஆனால் பெயர் தெரியாமல் முதல் கட்டத்தில் என்னத்தை எழுதுவது? போனில் மெர்லின் போட்டுக்கொள்ளுங்கள். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகப் பறவை ஆய்வகம் இலவசமாகத் தருகிறது. போட்டோ கொடுத்தால் பெயர் சொல்லும், குரலைக் கேட்க வைத்தாலும் சொல்லும். கரண்ட் இருக்கும்போதே இந்தியப் பறவைகளின் தொகுப்பை இறக்கி வைத்துவிட்டால் நெட் இல்லாமலும் ஓடும். ஒரே தொல்லை, தகர ஷீட்டில் மழை அடிக்கும் சத்தத்தில் அதற்குக் காது கேட்காது. மழை விட்ட பத்து நிமிஷத்தில் ஜன்னலுக்கு வெளியே நீட்டிப் பிடியுங்கள். எல்லாம் ஒரே நேரத்தில் கத்தும்.

கணக்கு டீச்சர் (ஓய்வு) எழுதியது:

தம்பி, பெயர் வந்த நிமிஷத்தில் பிள்ளை பறவையைப் பார்ப்பதை விட்டுவிடும். என் பேரனை வைத்துத்தான் சொல்கிறேன். போனைக் காட்டி "கிடைச்சிடுச்சு" என்பான். கண் என்ன நிறம் என்று கேட்டால் தெரியாது. முதலில் படம் போடட்டும், கோணல்மாணலாக இருந்தாலும் பரவாயில்லை. பெயரைப் பிள்ளையே வைக்கட்டும். போன் கடைசியில் வரட்டும்.

கொல்லைப்புறம் (தஞ்சாவூர்ப் பக்கம்) எழுதியது:

மழையில் பறவை என்ன செய்கிறது என்பதே பெரிய பாடம், வெயில் நாளில் இது கிடைக்காது. ஈபி கம்பியில் நனையும் காகத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். தூறலும் குளிருமாக இருக்கும்போது இறகைப் பொம்மென்று உப்பவைத்து, கழுத்தை உள்ளே இழுத்துப் பந்து மாதிரி உட்கார்ந்திருக்கும். இறகுக்குள் அடைபட்ட காற்றுதான் அதற்குப் போர்வை. அதே காகம் மழை கொட்டும்போது நேர் எதிராக மாறும். இறகை உடம்போடு ஒட்டி, நிமிர்ந்து, அலகை மழை வரும் பக்கம் தூக்கிக்கொள்ளும். தண்ணீர் விழுவதும் தெரியாது, வழிவதும் தெரியாது. இந்த இரண்டையும் பிள்ளைகளை நடித்துக் காட்டச் சொல்லுங்கள், வீடு ரெண்டுபடும். அதற்கு நான் பொறுப்பில்லை.

இறகு ஒன்று கிடைத்தால் இன்னொரு வேலை இருக்கிறது. கறிக்கடையில் கேட்டால் கோழி இறகு கிடைக்கும். சோப்புப் போட்டெல்லாம் கழுவாமல் தண்ணீரில் மட்டும் அலசிக் காயவையுங்கள். இங்க் ஃபில்லரால் அதன்மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் சேப்பங்கிழங்கு இலையில் விழுந்த மாதிரி உருண்டு ஓடும். அடுத்து, இறகின் ஓரத்தை விரலால் கீழ்நோக்கிக் கோதினால் இழை இழையாகப் பிரியும். மேல்நோக்கி நீவிவிட்டால் திரும்பவும் ஒட்டிக்கொள்ளும். பைக்கு ஜிப் மாதிரி ஒவ்வோர் இழையிலும் பொடிக் கொக்கிகள் இருக்கின்றன. கடைசியாகப் பாத்திரம் தேய்க்கும் சோப்பில் நன்றாக ஊறவைத்துக் காயவைத்து அதே சொட்டை விடுங்கள். இந்தத் தடவை ஊறிப் பரவும்.

மைனா வாலின் அடிப்பக்கம் அலகைக் கொண்டுபோய்த் தடவி, பிறகு இறக்கையைக் கோதுவது ஏன் என்று இப்போது சொன்னால் புரியும். அங்கே எண்ணெய்ச் சுரப்பி இருக்கிறது. எண்ணெய் மட்டும்தான் காரணம் என்று முடித்துவிடாதீர்கள். இழைகள் நெருக்கமாகப் பின்னிக்கிடப்பதும் சேர்ந்துதான் தண்ணீரை வெளியே நிறுத்துகிறது. எல்லாம் முடிந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும்.

இன்னொன்று, இல்லாததையும் எழுதச் சொல்லுங்கள். இந்த மாதம் குயில் கூவாது. ஊரைவிட்டுப் போகவில்லை, சும்மா இருக்கிறது. சிவப்புக் கண்ணும் கறுப்பு உடம்புமாக ஒன்று தென்னையில் உட்கார்ந்திருக்கும், பிள்ளைகள் அதைக் காகம் என்று எண்ணிவிடுவார்கள். உடம்பெல்லாம் புள்ளி போட்டது பெண் குயில்.

எங்கள் அபார்ட்மென்ட் செயலாளர் எழுதியது:

நல்ல யோசனைகள். ஆனால் அடுத்து யாராவது "சன்ஷேடில் சோறு வையுங்கள், பறவை பக்கத்தில் வரும்" என்று எழுதப்போகிறீர்கள். அதற்குள் சொல்லிவிடுகிறேன். எங்கள் பிளாக்கில் ஒருவர் பிள்ளைகளுக்காகத் தினமும் கோதுமை வைத்தார். ஆறே மாதத்தில் புறாக் கூட்டம். புறா எச்சத் தூசியால் நுரையீரல் அழற்சி வரும் என்று டாக்டர் சொன்ன பிறகு, மேல்மாடிப் பாட்டியம்மா ஜன்னலையே திறப்பதில்லை. மழையில் தானியம் ஊறிப் பூஞ்சை பிடித்தால் பறவைக்கும் விஷம். தண்ணீர்க் கிண்ணம் வேறு வைப்பார்கள், அதில் ஏடிஸ் கொசு. டெங்கு சீசன் இது.

முருங்கைமரத்து வீடு எழுதியது:

சார், எங்கள் மாமியார் தினமும் சாப்பாட்டுக்கு முன்னால் காக்காவுக்கு ஒரு பிடி வைப்பவர். அதை நிறுத்தச் சொல்ல என்னால் ஆகாது. நிறுத்தவும் எனக்கு மனசில்லை.

கொல்லைப்புறம் எழுதியது:

நிறுத்த வேண்டாம். அந்த ஒரு பிடிக்கும் மூட்டைக் கோதுமைக்கும் வித்தியாசம் இருக்கிறது. காகம் பத்து நிமிஷத்தில் துடைத்துவிடும், மிச்சம் இருந்தால் எடுத்துக் கழுவிவிடுங்கள். உப்பு, எண்ணெய், மசாலா சேராத வெறும் சோறு. கிண்ணத் தண்ணீரைச் செயலாளர் சொல்வதற்காக எடுக்க வேண்டியதில்லை. முட்டை கொசுவாக ஒரு வாரம் பத்து நாள் ஆகும். தினமும் கொட்டி, பக்கங்களைத் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவினால் கொசு வராது. ஆனால் மழைக்காலத்தில் தண்ணீர் வைப்பதே வீண் வேலை என்பது என் கருத்து. ஊரே தண்ணீராகக் கிடக்கிறது. மார்ச்சில் வையுங்கள்.

புறா விஷயத்தில் செயலாளர் கட்சிதான் நானும்.

புறாவைப் பற்றி ஒன்று மட்டும். அது கண்ணாடி ஜன்னலில் மோதினால் வெள்ளையாக ஒரு தடம் விழும். இறக்கை விரித்த உருவம் அப்படியே பதிந்திருக்கும். அதன் இறகிலிருந்து உதிரும் ஒருவகைப் பொடி அது. பார்த்தால் துடைப்பதற்கு முன் பிள்ளைகளைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். பிறகு கண்ணாடியின் வெளிப்பக்கம் இரண்டு அங்குல இடைவெளியில் சுண்ணாம்புப் புள்ளியோ ஸ்டிக்கரோ வைத்தால் மோதுவது குறையும்.

பனங்கூடல் (யாழ்ப்பாணம்) எழுதியது:

எங்களுக்கும் உதே மழைதான். பள்ளிக்கூடம் இல்லை, பிள்ளையள் வீட்டுக்குள்ள. நீங்கள் தவிட்டுக்குருவி எண்டு சொல்லுறதை நாங்கள் புலுனி எண்டுவம். ஒண்டு தனியா வராது. ஏழு எட்டாத்தான் வரும், வரேக்க ஒரே சத்தம். நேற்று விடாத மழையில கிணத்தடி வாழைக்குக் கீழ, ஒரு காய்ஞ்ச மட்டையில வரிசையாக் குந்தியிருந்ததுகள். ஒண்டோட ஒண்டு நெருங்கி, எந்தத் தலை எந்த உடம்புக்கு எண்டு தெரியாத மாதிரி. மகள் எண்ணிப்போட்டு ஆறு எண்டாள், மகன் ஏழு எண்டான். அடிபாடு வாற நேரம் மழை கொஞ்சம் விட்டுது. ஒண்டு ஒண்டாக் குதிச்சு இறங்கினதுகள். ஏழு. நடுவில இருந்தது கடைசியா இறங்கினது.

ஓரத்தில இருந்த ஒண்டு பிறகு பறந்து வந்து நடுவில நெரிச்சுக்கொண்டு இருந்ததையும் கண்டம். எங்கட வீட்டில கட்டிலில நடக்கிறதும் உதுதான்.

ராத்திரி ஷிப்ட் எழுதியது:

வேளச்சேரியில் எனக்கு நடந்தது. போன வருஷம் அக்டோபர், மழை. அதிகாலை நாலு மணிக்கு வேலை முடிந்து வந்தேன். அபார்ட்மென்ட் படிக்கட்டில், ட்யூப்லைட்டுக்குக் கீழே பொம்மை மாதிரி ஒன்று கிடந்தது. பச்சை முதுகு, இறக்கையில் பளீரென்று நீலம், கண்ணுக்குக் குறுக்கே கறுப்புப் பட்டை, வாலடி ரத்தச் சிவப்பு. வால் இருக்கிற மாதிரியே இல்லை, அவ்வளவு குட்டை. யாரோ வளர்ப்புப் பறவையைத் தொலைத்துவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன்.

தெரிந்த ஒருவருக்குப் போட்டோ அனுப்பினேன். அந்த நேரத்திலும் பதில் வந்தது: ஆறுமணிக்குருவி. கோடையில் வடக்கே இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டு, மழையோடு நம் பக்கம் இறங்குமாம். ராத்திரியில்தான் பயணம். விளக்கு வெளிச்சத்தில் குழம்பிக் கட்டடங்களுக்குள் வந்துவிடும், கண்ணாடியில் மோதும். விடிகாலையும் சாயங்காலமும் ஆறு மணி வாக்கில் கூப்பிடுவதால் அந்தப் பெயர்.

அவர் சொன்னபடி ஷூ டப்பாவில் ஓட்டை போட்டு, அடியில் துண்டு விரித்து, துணியால் மெதுவாகப் பிடித்து உள்ளே வைத்தேன். வாயில் தண்ணீர் ஊற்றக்கூடாது, சோறு திணிக்கக்கூடாது, திறந்து திறந்து பார்க்கக்கூடாது. இருட்டும் அமைதியும்தான் மருந்து. ஆறரைக்கு உள்ளே டப் டப் என்று சத்தம். என் பையனை எழுப்பிக் கீழே கூட்டிப்போய், செடிகளுக்குப் பக்கத்தில் மூடியைத் திறந்தோம். இரண்டு தத்து தத்தி, எங்களைத் திரும்பிப் பார்த்து (அப்படித்தான் பையன் இன்றைக்கும் சாதிக்கிறான்), அரளிக்குள் மறைந்தது.

இறக்கை ஒடிந்திருந்தால் வனத்துறைக்குச் சொல்ல வேண்டும், நாமே வைத்தியம் பார்க்கக் கூடாது. செத்துக் கிடக்கும் பறவையை வெறுங்கையால் தொடவே கூடாது. அன்றிலிருந்து மழை ராத்திரியில் படிக்கட்டு விளக்கை அணைத்துவிட்டுத்தான் போகிறேன். செயலாளர் மாதிரி ஒருவர் எங்களுக்கும் இருக்கிறார், திட்டுகிறார்.

முருங்கைமரத்து வீடு எழுதியது:

இரண்டு நாள் எழுத முடியவில்லை, நெட் இல்லை. பிள்ளைகளின் நோட்டிலிருந்து சொல்கிறேன்.

முதல் 15 நிமிஷம் மகா தோல்வி. கொட்டுகிற மழையில் ஒரு பறவைகூட இல்லை. "பூஜ்யம்னு எழுதலாமா?" என்று கேட்டாள். டீச்சரை நினைத்துக்கொண்டு எழுதச் சொன்னேன். மழை விட்டதும் போட்ட இரண்டாவது பட்டியலில் காகம் 5, மைனா 2, கொண்டைக்குருவி 2, தென்னையில் கிளி 3, பெயர் தெரியாதது 1.

அந்தப் பெயர் தெரியாததுதான் இரண்டு நாளைச் சாப்பிட்டது. முருங்கைப் பூவில் தலைகீழாகத் தொங்கியது, கட்டைவிரல் பருமன், வளைந்த அலகு, வயிறு மஞ்சள். மொட்டைமாடி சார் சொன்ன மெர்லினில் போட்டோவைக் கொடுத்தேன். ஈரக் கண்ணாடி வழியே எடுத்த மங்கல் படம், இரண்டு பெயர் சொன்னது, இரண்டும் தேன்சிட்டு. எது என்று தெரியவில்லை. பெரியவள் தன் படத்தைக் கொண்டுவந்து வைத்தாள். தொண்டையிலிருந்து நெஞ்சு நடுவே ஒரு கறுப்புக் கோடு போட்டு, கீழே "ஜிப் குருவி" என்று எழுதியிருக்கிறாள். போட்டோவில் அந்தக் கோடு இல்லை, அது திரும்பி இருந்தது.

மொட்டைமாடி 71 எழுதியது:

அப்படியென்றால் ஊதாத் தேன்சிட்டு, ஆண். இனப்பெருக்கக் காலம் முடிந்ததும் அந்த மினுங்கும் ஊதா உடுப்பைக் கழற்றிவிட்டுப் பெண் மாதிரி மஞ்சளாகிவிடும், நெஞ்சில் அந்தக் கோடு மட்டும் மிஞ்சும். ஊதாப்பிட்டுத் தேன்சிட்டு ஆண் இப்படி மாறாது. டீச்சர், ஒத்துக்கொள்கிறேன். படம் ஜெயித்தது.

கணக்கு டீச்சர் (ஓய்வு) எழுதியது:

ஜிப் குருவி என்பதே நல்ல பெயர். மார்ச் வரை அதைப் பார்த்துவரட்டும். ஜிப் எப்போது மறைகிறது என்று தேதி போட்டு எழுதச் சொல்லுங்கள்.

முருங்கைமரத்து வீடு எழுதியது:

சொல்ல மறந்தது ஒன்று. நேற்றுச் சாயங்காலம் மழை நின்று, தெருவிளக்குக் கம்பத்தடி மண்ணிலிருந்து ஈசல் கிளம்பியது. ஐந்து நிமிஷம் முன்னால் ஒன்றும் இல்லாத கம்பியில் இரட்டைவால் குருவி இரண்டு. ஒன்று பாய்ந்து பிடிக்கும், அதே இடத்துக்கு வந்து உட்காரும், திரும்பப் பாயும். பெரியவள் கோடு போட்டு எண்ணினாள். ஐந்து நிமிஷத்தில் 23 பாய்ச்சல். எத்தனை தடவை கிடைத்தது, எத்தனை தடவை ஏமாந்தது என்று எண்ணுவதற்குள் இருட்டிவிட்டது. காக்கா இரண்டு தரையில் நடந்து நடந்தே தின்றன. மாமியார் மட்டும், "எங்க காலத்துல நாங்களே வறுத்துத் தின்போம், இப்ப காக்காவுக்கு விட்டாச்சு" என்றார். சின்னவன் அதை நோட்டில் எழுதச் சொல்லி ஒரே அடம்.

இன்று ஸ்கூல் திறந்துவிட்டது. காலையில் திரும்பவும் பிடித்துக்கொண்ட மழையில் ரெயின்கோட்டோடு ஜன்னலில் நின்று சின்னவன் தன் ஐந்து நிமிஷத்தை முடித்தான். ஆட்டோ கீழே ஹாரன் அடிக்கிறது. அவன் சொல்லச் சொல்ல அக்கா எழுதியிருக்கிறாள்: "காக்கா 2. ஒண்ணு நனைஞ்சது. ஒண்ணு நனையாதது."

கணக்கு டீச்சர் (ஓய்வு) எழுதியது:

நனையாதது எங்கே இருந்தது? மூன்றாவது கட்டம் காலியா?

முருங்கைமரத்து வீடு எழுதியது:

நானும் அதைத்தான் கேட்டேன். சாயங்காலம் வந்து சொல்கிறேன் என்று ஓடிவிட்டான். இப்போது வந்ததும் பையைக்கூட இறக்காமல் ஜன்னலுக்குக் கூட்டிப்போய்க் காட்டினான். எதிர்வீட்டு சிண்டெக்ஸ் டேங்க் ஒரு இரும்பு ஸ்டாண்டின்மேல் இருக்கிறது. டேங்க்குக்கும் தளத்துக்கும் நடுவில் ஒரு முழம் இடைவெளி. எட்டு வருஷமாக அதைப் பார்த்துக்கொண்டுதான் பாத்திரம் தேய்க்கிறேன். உள்ளே இரண்டு மைனாவும் இருந்தன.